என் அண்டை வீட்டாரை எதற்காகப் பிடித்தீர்கள்?

 

நபி (ஸல்) அவர்கள் குத்பா நிகழ்த்திக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒருவர் எழுந்து, தம் அண்டை வீட்டார் எதற்காகப் பிடிக்கப்பட்டார்கள் என்று கேட்டார். நபியவர்கள் இருமுறை முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் விடவில்லை. பிறகு, பிடிபட்டவர்களை விட்டுவிடும்படி நபியவர்கள் உத்தரவிட்டார்கள். அபூதாவூதில் பதிவான செய்தி இது.

குத்பாவுக்கு நடுவிலும் கேட்கத் தகுந்த கேள்வி அது. இன்று நம் நாட்டிலேயே அந்தக் கேள்வி தேவைப்படுகிறது. அசாமில் வெளிநாட்டவர் தீர்ப்பாயம் 'நீ இந்தியன் அல்ல' என்று சொல்லிவிட்டால், அந்த மனிதர் தடுப்பு முகாமுக்குப் போக நேரலாம். கோல்பாரா மாவட்டத்தில் மாட்டியா என்ற இடத்தில் இதற்கென்றே பெரிய முகாம் இருக்கிறது. அங்கே இருப்பவர் திருடியதாலோ, கொலை செய்ததாலோ அடைக்கப்பட்டவர் அல்லர். தாள்கள் போதவில்லை என்பதே பலர் மீதுள்ள வழக்கு.

அவருக்கும் உரிமைகள் உண்டு. அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு 'குடிமகன்' என்று சொல்லவில்லை. எல்லா மனிதருக்கும் உயிரையும் சுதந்திரத்தையும் காக்கிறது. எந்த ஆதாரமும் இல்லாமல் ஒருவரை வெளிநாட்டவர் என்று குற்றம்சாட்ட முடியாது, பெயரில் வரும் சிறு எழுத்து வேறுபாட்டை அவருக்கு எதிராகக் கொள்ளக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. அதற்கான தொலைபேசி எண் 15100.

இன்னொரு வழி ஜாமீன். அசாம் முகாம்களில் மூன்று ஆண்டுகள் கழித்தவர்களை, தலா ஒரு லட்சம் ரூபாய்க்கு இரண்டு இந்தியர்கள் ஜாமீன் நின்றால் விடலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2020 ஏப்ரலில் அதை இரண்டு ஆண்டுகளாகவும், 5,000 ரூபாயாகவும் குறைத்தது.

சகோதரர்களே! இங்கேதான் நமக்கான சோதனை. தொகை குறைந்துவிட்டது. ஆனால் கையெழுத்துப் போட இரண்டு பேர் வேண்டுமே! 'யாரென்றே தெரியாதவருக்கு நான் ஏன் பொறுப்பேற்க வேண்டும்?' என்று மனம் கேட்கும். கடனோடு இறந்தவருக்கு ஜனாஸா தொழ நபியவர்கள் தயங்கியபோது, 'அந்தக் கடன் என்மேல்' என்று அபூ கதாதா (ரலி) முன்வந்தார்கள். திருப்பித் தர முடியாத மனிதருக்காக ஏற்ற பொறுப்பு அது.

ஜாமீன் நிற்பது அவருடைய வழக்கு சரி என்று சாட்சி சொல்வதாகாது. வழக்கு முடியும்வரை அவர் தம் பிள்ளைகளோடு இருக்கட்டும் என்று சொல்வதுதான். அதேநேரம் அது அமானிதம். வாரம் ஒருமுறை அவர் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அதை மீற உதவுவது ஒப்பந்தத்தை முறிப்பதாகும்.

அசாமுக்குப் போக நம்மில் பலரால் முடியாது. ஆனால் நம் ஊரில் வேலை செய்யும் வடகிழக்குத் தொழிலாளி நம் பள்ளியில்தான் தொழுகிறார். அவரிடம் நலம் விசாரியுங்கள். ஊரிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். வந்திருந்தால், வழக்குத் தேதி தவறாமல் அவர் ஊர்போய்ச் சேர வழிசெய்யுங்கள். ஆஜராகாதவர் மீது அவர் இல்லாமலே தீர்ப்பு எழுதப்பட்டுவிடும்.

கேட்க ஆளில்லாதவர்களுக்காகக் கேட்கும் நாவையும், பொறுப்பேற்கும் உள்ளத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.