நண்டுக் கூடையும் மீன் குளமும்

நண்டு உண்ணலாமா கூடாதா என்ற மஸ்அலா நம் மக்களிடையே வெகு காலமாக நடந்து வந்த விவாதம். ஷாபிஈ மத்ஹபினரும் ஹனபி மத்ஹபினரும் அடுத்தடுத்துக் குடியிருந்த தோட்ட லயங்களில், ஒரு வீட்டில் நண்டு ஆணம் கொதித்தால் அடுத்த வீட்டில் முகம் சுளிப்பது சகஜம். அதிலும் கெத்தாம் நிப்பா என்று மலாய்க்காரர்கள் சொல்லும் சேற்று நண்டு விஷயத்தில், அது நீரிலும் நிலத்திலும் வாழும் பிராணியல்லவா என்ற சந்தேகம் ஷாபிஈகளுக்கே இருந்தது. 2002 நவம்பரில் இந்நாட்டுத் தேசிய பத்வாக் குழு ஆராய்ந்து, அந்நண்டின் நான்கு இனங்களும் ஹலால் என்று அறிவித்தது. அந்நான்கில் ஒன்றின் விஞ்ஞானப் பெயரில் நம் தரங்கம்பாடி ஊர் அடங்கியிருக்கிறது. 1798-ல் பாப்ரிஷியஸ் என்ற அறிஞர் இட்ட பெயர் அது.

தீர்ப்புக்குச் சொன்ன காரணத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும். இந்நண்டு செவுளால் சுவாசிக்கிறது; முட்டையும் குஞ்சும் கடலைச் சேர்ந்தவை; ஆகவே இது நீர்ப்பிராணி என்றார்கள். கரையில் சில நாள் உயிரோடிருப்பது செவுளறையில் தேங்கிய ஈரத்தினால்தான். ஈரம் வற்றினால் செவுள் மடல்கள் ஒன்றோடொன்று ஒட்டி மூச்சு முட்டும். அப்படியானால், எந்த உண்மையைக் கொண்டு நண்டு நமக்கு ஆகுமானதோ, அதே உண்மைதானே, காய்ந்த கூடையில் கட்டுண்டு வெயிலில் கிடக்கும் நண்டு படும் பாட்டையும் சொல்கிறது? முதல் பாதியை ஆசையோடு கேட்டுக்கொண்ட நாம் மறு பாதிக்குக் காது கொடுப்பதில்லை.

மீனுக்கும் நண்டுக்கும் அறுப்பு இல்லை, ஆகவே அங்கே இரக்கத்துக்கும் வேலையில்லை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பூனையைக் கட்டிப்போட்ட பெண்ணின் செய்தியை நாமெல்லாம் மதரஸாவிலேயே ஓதியிருக்கிறோம். அவள் அதைக் கத்தியால் வெட்டவில்லை. உணவும் கொடுக்காமல், தானே தேடித் தின்னவும் விடாமல் கட்டிவைத்தாள். அதற்கே தண்டிக்கப்பட்டாள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். குற்றம் கொன்றதில் இல்லை, கட்டியதில் இருக்கிறது. கட்டியவன் கையில் அந்த ஜீவனின் தண்ணீரும் மூச்சும் வந்து சேர்ந்துவிடுகின்றன.

மீன் குளமும் ஒரு கயிறுதான். ஜப்பான்காரன் காலத்தில் வந்ததால் நம் பெரியவர்கள் ஜப்பான் மீன் என்று சொல்லும் திலாப்பியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் நீர் கெட்டால் அது வேறிடம் நீந்திப் போய்விடும். குளத்தில் எங்கே போகும்? பகலில் பிராணவாயு தரும் பச்சைப் பாசி இரவில் அதையே உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். அளவுக்கு மீறி விட்ட குஞ்சும், தின்னாமல் அழுகும் தீவனமும் சேர்ந்தால் ஒரே இரவில் குளம் முழுவதும் மிதக்கும். இவ்வாறு நலிந்த மீனை நோயும் எளிதில் பற்றுகிறது. 2014-ல் இஸ்ரேலில் இனங்கண்ட திலாப்பியா நச்சுக்கிருமி 2017-ல் நம் நாட்டிலும் காணப்பட்டது. கெலி மீன் காற்றையும் சுவாசிக்கக்கூடியது என்பதால் அதை இன்னும் நெருக்கி அடைக்கிறார்கள். பொறுத்துக்கொள்ளும் ஜீவனுக்கு மனிதன் கொடுக்கும் பரிசு! நம் மாநிலத்தில், ஜெலுபுவின் கிளாமி லெமியில், மீன்வள இலாகாவின் நன்னீர் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. செத்த மீனை ஆற்றில் வீசுவதற்கு முன் அங்கே விசாரிக்கலாமல்லவா?

வியாபாரி என்ற முறையில் எதிர்வாதத்தையும் நான் அறிவேன். செத்த நண்டு சீக்கிரம் கெட்டுப்போகும். ஆகவே உயிரோடு விற்பது அவசியம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஈரச் சாக்கும் நிழலும் அவசியமில்லையா? ஒரு நாளில் விற்கும் அளவுக்கே கொள்முதல் செய்தால் லாபம் குறையும் என்பது மெய்தான். அந்தக் குறைவு நாம் கொடுக்க வேண்டிய கடன் என்றே நான் கருதுகிறேன். (சிலர் தடித்த கயிற்றை நனைத்துக் கட்டி, கயிற்றையும் நண்டு விலைக்கு நிறுக்கிறார்களே, அது வேறு கணக்கு, அதற்கு ஓர் அத்தியாயமே இறங்கியிருக்கிறது.)

ஒரு தாய் நண்டு பத்து லட்சத்துக்கும் மேல் முட்டையிடும். சீர்காழி அருகே தொடுவாயிலுள்ள அரசாங்கப் பொரிப்பகத்தில், நூற்றுக்கு 3 குஞ்சு பிழைத்ததை 7 ஆக உயர்த்தியதையே பெரும் சாதனையாகச் சொன்னார்கள். அத்தனை கண்டம் தப்பி வளர்ந்த ஒன்றுதான் நம் தராசில் ஏறுகிறது.

2022-ல் பிரிட்டனில் இயற்றிய சட்டம் நண்டையும் வேதனை உணரும் பிராணிகளில் சேர்த்துவிட்டது. நம் வீட்டுப் பெண்களோ அதன் காலை உயிரோடு முறிப்பதா, கொதிநீரில் போடுவதா என்று தயங்குகிறார்கள். இரண்டும் வேண்டாம். நிறைய ஐஸ் கட்டியில் புதைத்து, தொட்டாலும் அசையாதபடி மரத்துப்போகும் வரை வைத்திருங்கள். பிறகு வயிற்று மடலைத் தூக்கி, கூரிய கத்தியை ஒரே குத்தாக இறக்கிவிட்டு, அதன் பின் ஓட்டைக் கழற்றுங்கள்.