பிஞ்சுக் கையில் எந்தக் கருவி?

தந்தை ஒருவர் துப்பாக்கி வாங்குகிறார். தமக்காக அல்ல, தம் சிறுமகனுக்காக! எடை குறைவாக இருக்கட்டும் என்கிறார். பின்கட்டை குட்டையாக இருக்கட்டும் என்கிறார். சுடும்போது உதைத்தால் பிஞ்சுத் தோள் தாங்காதே என்று பரிவோடு கவலைப்படுகிறார். தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பதுபோல், சிறுவர் கைக்கு ஏற்ற அளவில் வேட்டைத் துப்பாக்கி செய்து விற்கும் தொழிற்சாலைகள் அமெரிக்காவிலே உண்டு. தோளின் வலியை எண்ணும் தந்தை, துளைபடும் உயிரின் வலியை எண்ணினாரா?

2013ஆம் ஆண்டு, கென்டகி மாநிலத்தில், ஐந்து வயதுச் சிறுவன் தனக்குப் பரிசாக வந்த அத்தகைய துப்பாக்கியால் தன் இரண்டு வயதுத் தங்கையைச் சுட்டுவிட்டான். உள்ளே குண்டு இருந்ததை வீட்டார் அறியவில்லை. தங்கை மாண்டாள். அந்தச் சிறுவனைக் குற்றவாளி என்போமா? குற்றம் இன்னதென்றே அறியாத வயது அது!

"அமெரிக்கன் கதை ஒரகடத்துக்கு எதற்கு? இங்கே 21 வயது நிறையாதவர் துப்பாக்கி வைத்திருக்கச் சட்டமே இடந்தராதே. பயிற்சிக்கு மட்டுந்தானே விலக்கு?" என்று தோழர்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் சட்டம் கையைத்தான் தடுக்கும். கருத்தை நாம்தான் திருத்தவேண்டும். தீபாவளி நெருங்கட்டும், திருப்பெரும்புதூர்க் கடைத்தெருவைப் பாருங்கள். பொட்டுவெடித் துப்பாக்கி வாங்கித் தருகிறோம். பிள்ளை நம் மார்பையே குறிபார்க்கிறான். நாமும் செத்தவர்போல் விழுந்து சிரிக்கிறோம். பொம்மைத் துப்பாக்கி பிடித்தவனெல்லாம் கொலைகாரனாவான் என்று நாம் கூறவில்லை. அப்படிக் கூறுவது பகுத்தறிவாகாது. நாம் கேட்பது வேறு: வளரும் கைக்கு முதலில் எதைப் பழக்குவது?

வேட்டைக்கு வக்காலத்து வாங்குவோர் வலுவான வாதம் ஒன்று வைத்திருக்கிறார்கள். "தன் கையால் கொன்று உண்பவன், உயிரின் விலையை அறிவான். கடையிலே கறி வாங்கித் தின்றுவிட்டுக் கருணை பேசுபவனைவிட அவன் நேர்மையானவன். துப்பாக்கி, பிள்ளைக்குப் பொறுமையும் பொறுப்பும் கற்பிக்கிறது" என்கிறார்கள். இதை எள்ளி நகையாடித் தள்ளிவிட முடியாது. புலால் உண்ணும் நாம், புத்தர் வேடம் புனைந்து பதில் சொல்லவும் கூடாது.

நம் பதில் இதுதான்: பொறுப்பைக் கற்பிக்கத் தவறு செய்ய இடம் வேண்டும். எழுத்துப் பிழையானால் அழிக்கலாம். மண்பானை உடைந்தால் மறுபானை வாங்கலாம். துப்பாக்கியின் பிழைக்குத் திருத்தம் உண்டா? சாவு திரும்பாதது என்பதையே உணராத வயதில், சாவைத் தரும் ஆற்றலைத் தருவது கல்வியாகாது. வாக்குச்சீட்டுக்கு 18, கியர் வண்டி உரிமத்துக்கு 18 என்று காத்திருக்கும் சமுதாயம், உயிர் பறிக்கும் உரிமைக்கு மட்டும் ஏன் அவசரப்படவேண்டும்?

ஆனால், இதே கேள்வியை நரிக்குறவர் குடிசை வாசலில் நின்று கேட்டால், நம் குரல் சற்றுத் தாழவேண்டும். அங்கே உண்டிவில்லும் கண்ணியும் நாட்டுத் துப்பாக்கியும் வேடிக்கைப் பொருள்களல்ல. அடுப்பு எரிய வைத்தவை. வேட்டை கற்பது விளையாட்டல்ல, வயிற்றுப் பாடம்! 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டுயிரைக் காக்கும் நல்ல சட்டம், நாம் வரவேற்கிறோம். ஆனால் வேட்டைக் கருவியைக் கீழே வைக்கச் சொன்ன நாடு, அந்தக் கையிலே வேறு எதைக் கொடுத்தது? ஊசியும் பாசிமணியும் விற்றுப் பேருந்து நிலையங்களில் அலையவிட்டது. பழங்குடியினர் பட்டியலில் அவர்களைச் சேர்க்க நாடாளுமன்றம் இசைந்தது 2022 டிசம்பரில்! இடையே உருண்டோடியவை ஐம்பது ஆண்டுகள்! செல்வன் வீட்டுப் பிள்ளைக்குத் துப்பாக்கி வேண்டாம் என்று சொல்வது அறிவுரை. ஏழைச் சிறுவனிடம் அதையே சொல்லிவிட்டுப் புத்தகத்தை நீட்டாமல் போவது அநீதி. பறிப்பது பாதி, கொடுப்பதே மீதி.

கொடுக்க என்ன இருக்கிறது? ஒரகடத்தையே பாருங்கள். இங்கே 2013 முதல் மோட்டார் சைக்கிள் செய்கிறது ராயல் என்ஃபீல்டு. பெயரின் பிறப்பு தெரியுமா? இங்கிலாந்திலே என்ஃபீல்டு என்னும் ஊரின் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உறுப்புகள் செய்து கொடுத்த நிறுவனம் அது. துப்பாக்கியைப்போல் செய்யப்பட்டது என்பதே அதன் விளம்பரம். வண்டிக்குப் பெயரோ 'புல்லட்'! பெயரிலே குண்டு இருக்கிறது. ஆனால் வண்டி சுமப்பது வேலைக்குப் போகும் மனிதனை. துல்லியமாகக் கடையும் அதே திறமை, உயிரைப் பறிக்கவும் உதவும், ஊரை இணைக்கவும் உதவும். எதற்கு என்று முடிவு செய்வது இரும்பல்ல, மனிதன்.

ஆயுத பூசையன்று இந்தத் தொழிற்பேட்டையிலே பொட்டிடப்படுவது வாளுக்கா, வேலுக்கா? ஸ்பேனருக்கும் லேத்துக்கும்! பொட்டு வேண்டுமா என்பதைத் தனியே வாதிடலாம். ஆனால் ஆயுதம் என்ற சொல்லுக்குத் தொழிலாளி தந்துவிட்ட புதுப்பொருளை நாம் போற்றுகிறோம்.

ஆகவே தோழர்களே, பிள்ளைக்குக் கருவி தேர்ந்தெடுங்கள். எடை பாருங்கள், நீளம் பாருங்கள், பிஞ்சுக் கைக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒரு சிறு திருப்புளி. பழைய கடிகாரம் ஒன்று, பிரித்துப் பார்க்க. ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி. ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று கொக்கையும் நாரையையும் காட்ட ஒரு தொலைநோக்கி. அதிலும் குறிபார்க்கலாம், பொறுமை கற்கலாம், மூச்சடக்கிக் காத்திருக்கலாம். பார்த்து முடித்த பிறகும் பறவை பறக்கும்!

ஒன்று வாங்கும்போது இன்னொன்றும் வாங்குங்கள். அது, பாசிமணி விற்கும் தாயின் இடுப்பிலிருந்து நம்மைப் பார்க்கும் குழந்தைக்கு.