நகத்தளவு இடம்: நெயில் ஆர்ட்டும் நம் வீட்டுப் பெண்களின் தொழுகையும்

 

  

இந்த ஜும்ஆவில் நம் வீட்டுப் பிள்ளைகளின் விரல் நகங்களைப் பற்றிப் பேசப்போகிறோம். ஜும்ஆ மேடையில் பேச நகம் ஒரு விஷயமா என்று சிலருக்குத் தோன்றலாம். நகத்தளவு இடத்தை நபி (ஸல்) அவர்களே கவனித்திருக்கிறார்கள்.

உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ஒருவர் உளூ செய்தார். அவருடைய பாதத்தில் ஒரு நகத்தின் அளவு இடம் நனையாமல் விடுபட்டுவிட்டது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், திரும்பிப்போய் உளூவைச் சரியாகச் செய்துவருமாறு அனுப்பினார்கள். அவர் போய்ச் செய்துவிட்டு வந்து தொழுதார். ஒரே ஒரு நகத்தளவு! நம் பிள்ளைகள் மறைப்பதோ பத்து நகங்களை.

முன்பெல்லாம் நகப்பூச்சு என்றால் ஒரு பாட்டில், ஒரு பிரஷ். இரண்டு சொட்டு ரிமூவர் வைத்துத் துடைத்தால் போய்விடும். இப்போது வந்திருப்பது 3டி நெயில் ஆர்ட். முதலில் நகத்தின் மேல் ஜெல் பூசி, யுவி விளக்குக்குள் விரலை வைத்து இறுகச் செய்கிறார்கள். அதன்மேல் அக்ரிலிக் தூளையும் திரவத்தையும் பிரஷ் நுனியில் சிறு உருண்டையாக எடுத்து, இதழ் இதழாக அழுத்திப் பூ செய்கிறார்கள். கல், முத்து பதிக்கிறார்கள். வீட்டிலேயே செய்ய விளக்கோடு சேர்த்துப் பெட்டியாக ஆன்லைனில் கிடைக்கிறது. ஃபோனில் வீடியோ பார்த்து ஒரு மாலைப்பொழுதில் பழகிவிடுகிறார்கள்.

நம் பிள்ளைகளின் கைவேலைத் திறமையை நான் குறை சொல்லவில்லை. அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறவன் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லித் தந்த மார்க்கம் இது. பெண் அலங்கரித்துக்கொள்வதை இஸ்லாம் தடுக்கவில்லை. அந்நிய ஆண்கள் முன் காட்டுவதற்கு எல்லை வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்றால், இந்த அலங்காரம் இரண்டு மூன்று வாரம் அப்படியே நிற்கும். கழற்ற வேண்டுமானால் அரத்தால் தேய்த்து, அசிட்டோனில் கால் மணி நேரம் வரை ஊறவைக்க வேண்டும். ஒவ்வொரு வக்துக்கும் இதைச் செய்ய யாராலும் முடியாது. நீங்களே கணக்குப் போடுங்கள். மூன்று வாரம் என்றால் 21 நாள். நாளைக்கு ஐந்து வக்து. 105 பர்ளு தொழுகைகள்! மாதவிடாய் நாட்களைக் கழித்தாலும் எழுபது எண்பது தொழுகைகள் அந்தப் பத்துப் பூக்களுக்குக் கீழே மாட்டிக்கொள்கின்றன.

அன்பானவர்களே! அல்மாயிதா அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தில், தொழுகைக்கு நிற்கும்போது முகத்தையும் முழங்கை வரை கைகளையும் கழுவ வேண்டும் என அல்லாஹ் கட்டளையிடுகிறான். நகம் கையில் சேர்ந்ததுதான். தண்ணீர் சேரவிடாமல் தடுக்கும் படலம் நகத்தில் இருந்தால் உளூ நிறைவேறாது. கடமையான குளிப்பும் நிறைவேறாது. ஹனஃபி, ஷாஃபிஈ இரண்டு மத்ஹபிலும் சட்டம் இதுவே.

சகோதரிகள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் சில இருக்கின்றன.

"உளூ செய்த பிறகு பூசினால்?" பூசுவதால் உளூ முறியாது. அந்த உளூ இருக்கும்வரை தொழலாம். முறிந்துவிட்டால் அகற்றாமல் அடுத்த உளூ செய்ய முடியாது.

"காலுறைக்கு மேல் மஸஹு செய்வதைப் போல இதற்கும் செய்யலாமே?" அது காலுக்கென்று ஷரீஅத் தந்த தனிச் சலுகை. காயத்துக்குக் கட்டிய கட்டின் மேல் தடவுவது நிர்ப்பந்தத்துக்கான சலுகை. அலங்காரத்துக்கு அப்படி ஒரு சலுகை வரவில்லை.

"காற்று போகும் நகப்பூச்சு என்று போட்டு விற்கிறார்களே?" காற்றோ ஈரக்கசிவோ உள்ளே போவது வேறு, கழுவுவது வேறு. உறுப்பின் மேல் தண்ணீர் ஓடுவதற்குத்தான் கழுவுதல் என்று பெயர். அட்டையில் அச்சடித்திருக்கும் வார்த்தையை நம்பித் தொழுகையைப் பணயம் வைக்காதீர்கள்.

"மருதாணி?" தாராளமாக. மருதாணி நிறத்தைத்தான் தருகிறது. காய்ந்த விழுதை உதிர்த்துக் கழுவிவிட்டால் தடுக்கும் படலம் எதுவும் மிஞ்சாது. நபியவர்களின் காலத்தில் பெண்கள் மருதாணி இட்டார்கள், அவர்கள் தடுக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்ன செய்தி இப்னுமாஜாவில் வருகிறது.

"மாதவிடாய் நாட்களில்?" தொழுகை கடமையில்லாத அந்த நாட்களில் பூசிக்கொள்ளலாம். தூய்மையானதும் குளிப்பதற்கு முன் முழுவதும் அகற்றியாக வேண்டும். எந்த நாளில் தூய்மையாவோம் என்பது நம் கையில் இல்லை. எனவே உடனே எடுக்க முடிந்ததை மட்டும் பூசுங்கள்.

இன்னொரு பக்கத்தையும் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இறுகாத ஜெல்லிலும் அக்ரிலிக் திரவத்திலும் இருக்கும் மெதாக்ரிலேட் வகைப் பொருட்கள் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம். வீட்டில் புதிதாகப் பழகுகிறவர்களுக்குத்தான் ஜெல் நகத்தைத் தாண்டித் தோலில் வழியும். பொருந்தாத விளக்கில் முழுதாக இறுகாமலும் போகும். பிரிட்டன் தோல் மருத்துவர்கள் சங்கம் 2018இல் இந்த வீட்டு உபயோகப் பெட்டிகளைக் குறித்தே எச்சரித்தது. ஒருமுறை வந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுளுக்கும் தங்கிவிடும். பின்னாளில் பல் அடைப்பது போன்ற சிகிச்சையிலும் தொல்லை தரலாம். ஜெல்லை இறுகச் செய்யப் பயன்பட்ட டிபிஓ என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருட்களில் தடை செய்துவிட்டது. உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதற்குத் தீங்கு தேடிக்கொள்ள நமக்கு உரிமை கிடையாது.

நகம் வளர்ப்பதிலும் வரம்பு இருக்கிறது. நகம் வெட்டுவது இயற்கைச் சுன்னத்துகளில் ஒன்று. நாற்பது நாட்களுக்கு மேல் விடக்கூடாது என்று எங்களுக்குக் காலம் குறிக்கப்பட்டது என அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது.

அப்படியானால் இந்தக் கைவேலையை ஆசையாகப் பழகிய பிள்ளை என்ன செய்வது? பெட்டியைத் தூக்கிக் குப்பையில் எறிய வேண்டியதில்லை. ஒட்டுநகம் என்று பிளாஸ்டிக்கில் தனியாக விற்கிறார்கள். பூ, முத்து எல்லாவற்றையும் அதன்மேல் செய்து பழகட்டும். கையுறை போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யட்டும். ஒட்டுநகம் அணிவதையே படைப்பை மாற்றும் செயல் என்று தவிர்க்கச் சொல்லும் உலமாக்கள் இருக்கிறார்கள். பேணுதல் அதில்தான் இருக்கிறது. தற்காலிக அலங்காரமாக அனுமதிப்பவர்களின் கருத்தை எடுப்பவர், பசை ஊற்றி ஒட்டாமல், சுலபமாகக் கழறும் ஒட்டு வில்லையில் பெண்கள் மட்டும் கூடும் இடத்துக்கு ஒட்டிக்கொண்டு, தொழுகை நேரத்தில் கழற்றிவிடட்டும். வில்லையின் பசையும் நகத்தில் மிஞ்சக்கூடாது. இதையே வீட்டுத் தொழிலாகச் செய்யும் சகோதரிகளே, தொழும் பெண் உங்களிடம் வந்தால் சட்டத்தை முதலில் சொல்லிவிடுங்கள். உங்கள் ரிஸ்கில் பரக்கத் அதில் இருக்கிறது.

நிக்காஹ் வீடுகளை நினைத்துப் பாருங்கள். மணப்பெண்ணுக்கு முந்தைய நாளே நகத்தில் ஜெல் ஏற்றிவிடுகிறார்கள். லுஹர், அஸர், மஃரிப் என்று வரிசையாகப் போகின்றன. "இன்றைக்கு ஒருநாள்தானே, களா செய்துகொள்ளலாம்" என்று பெற்ற தாயே சொல்கிறார். வாழ்க்கையின் முதல் நாளில், அதிகமாக துஆ தேவைப்படும் நாளில், அந்தப் பெண் ஸஜ்தா செய்ய வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். இதைவிடப் பெரிய நஷ்டம் உண்டா?

தகப்பன்மார்களே! வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் கையைப் பிடித்து அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து, "அழகாகச் செய்திருக்கிறாயே, உளூவுக்கு என்னம்மா செய்கிறாய்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும். சட்டம் தெரியாமல் ஏற்கெனவே அப்படித் தொழுதவர்கள் நிராசையாக வேண்டாம். நகத்தைச் சுத்தம் செய்து, தவ்பா செய்து, எத்தனை தொழுகை என்று கணித்துக் களா செய்யத் தொடங்குங்கள். மன்னிக்கக் காத்திருக்கும் ரப்பு அவன்.

நாளை மறுமையில் நம் உம்மத்தை நபி (ஸல்) அவர்கள் அடையாளம் காண்பது உளூவின் உறுப்புகளில் ஒளிரும் வெண்மையைக் கொண்டுதான். அந்த ஒளி நம் பெண்மக்களின் விரல் நுனிவரை சேர வேண்டும்.

வல்ல ரஹ்மான் நம் பெண்மக்களுக்கு அழகையும் தருவானாக! அந்த அழகோடு குறையில்லாத உளூவையும், தவறாத தொழுகையையும் தருவானாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.