நடுக்கம் யாருடையது?

அச்சம் ஒரு குற்றமா? நடுங்கும் கையைக் கண்டு நகைக்க எவருக்கேனும் உரிமை உண்டா? அறநூல்கள் நெடுங்காலமாக விசாரித்துவரும் இக் கேள்வியை, நூல்களைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு விளையாட்டு மேசையின் அருகில் நின்று ஆராய்ந்து பார்க்கலாம் என்று கருதுகிறோம். அம்பிட்டியவில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் நமக்கும் ஸ்னூக்கர் ஆட்டத்துக்கும் என்ன உறவு என்று வாசகர் வினவக்கூடும். உறவு உண்டு, அது போகப்போக விளங்கும்.

12 அடி நீளமும் 6 அடி அகலமும் உடைய மேசை. அதன்மேல் பச்சைத் துணி. 15 சிவப்புப் பந்துகள், 6 வேற்று நிறப் பந்துகள், கோலால் அடிப்பதற்கு ஒரு வெள்ளைப் பந்து. கோலின் நுனி மயிரிழை பிசகினாலும் பந்து பையின் வாயில் முட்டித் திரும்பிவிடும். உதைபந்தாட்டக்காரனின் அச்சம் அவனுடைய கால்களுக்கு வேகமாக மாறிவிடுகிறது. ஓடுவதிலேயே அது கரைந்துபோகிறது. ஸ்னூக்கர் ஆடுபவனுக்கோ ஓட இடமில்லை. உடல் முழுவதும் அசையாதிருக்க, ஒரு முன்கை மட்டும் அசைய வேண்டும். அதைவிடக் கொடியது நாற்காலி. எதிராளி பந்துகளை வீழ்த்திக்கொண்டிருக்கும்வரை இவன் மூலையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். தன் தோல்வி தன் கண்ணெதிரே ஒவ்வொரு பந்தாக உருவாகிவருவதைக் கைகட்டிக் காணும்படி செய்யும் விளையாட்டுக்கள் உலகில் அதிகமில்லை.

1985 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் நடந்த உலகப் போட்டியின் இறுதியாட்டத்தை இதற்குச் சான்றாகக் கூறுவர். ஸ்டீவ் டேவிஸ் அதற்கு முன்னரே மூன்று முறை உலக வீரரானவர். கலங்காதவர் என்று பெயர் பெற்றவர். முதல் எட்டுச் சுற்றுக்களையும் அவரே வென்றார். வட அயர்லாந்துக்காரரான டெனிஸ் டெய்லர் நாற்காலியில் அமர்ந்திருந்தார். பின்னர் ஆட்டம் சிறிது சிறிதாக மாறி, 17க்கு 17 என்று சமமாகி, நள்ளிரவைக் கடந்து, கடைசிச் சுற்றின் கடைசிக் கறுப்புப் பந்தில் வந்து நின்றது. பிரிட்டனில் மட்டும் 1 கோடியே 85 இலட்சம் மக்கள் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தனர். அந்த ஒரு பந்தை இருவருமே மாறிமாறித் தவறவிட்டனர். இறுதியில் டேவிஸுக்கு வாய்ப்பு ஒன்று கிட்டியது. பயிற்சியின்போது அவர் பலமுறை வீழ்த்தியிருக்கக்கூடிய பந்துதான், ஆனால் தவறியது. டெய்லர் எழுந்து வந்து அதை வீழ்த்தினார். ஆட்டம் முழுவதிலும் அவர் முன்னணியில் நின்றது அந்த ஒரு கணத்தில் மட்டுமே.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? பயிற்சி அச்சத்தை ஒழித்துவிடுவதில்லை. நெஞ்சு படபடப்பதும் விரல் நடுங்குவதும் வாய் உலர்வதும் உடலின் இயல்பான எதிர்வினைகள். ஆபத்தில் ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் அது. தேர்ந்த ஆட்டக்காரர் அதனோடு மல்லுக்கட்டுவதில்லை. ஒவ்வோர் அடிக்கும் முன்னே ஒரே வகையாக நடந்துவந்து, ஒரே வகையாகக் குனிந்து, கோலை ஒரே எண்ணிக்கையில் முன்பின்னாக அசைத்துப் பார்த்து, மூச்சைச் சீராக விட்டு அடிக்கிறார். பழகிய அந்த ஒழுங்கு மனத்துக்கு ஒரு வேலையைக் கொடுக்கிறது. பந்தைப் பார்க்க வேண்டிய கண், ‘என்னை ஊர் என்ன சொல்லும்’ என்று தன்னைத்தானே பார்க்கத் தொடங்கும்போதுதான் கை பிசகுகிறது. வேலையில் கருத்தூன்றியிருப்பவனிடம் அச்சம் இருந்தாலும் அவனை ஆள்வதில்லை. இந்த அளவில் நன்னெறியாளர் கூறும் மன அடக்கத்தை நாமும் ஏற்றுக்கொள்கிறோம்.

ஆனால், கதை இவ்வளவில் முடிந்துவிடவில்லை. இந்த ‘அசையா நிதானம்’ யாருடைய சொத்தாக இருந்துவந்தது என்பதையும் கேட்டாக வேண்டும்.

ஸ்னூக்கர் பிறந்தது 1875 இல், ஜபல்பூரில், பிரிட்டிஷ் படை அதிகாரிகளின் விடுதியில். நெவில் சேம்பர்லேன் என்ற இளம் அதிகாரி, எளிதான பந்தைத் தவறவிட்ட தோழர் ஒருவரை ‘ஸ்னூக்கர்’ என்று அழைத்ததாகக் கூறுவர். இராணுவக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவனைக் கேலிசெய்யும் சொல் அது. ஆக, கை தவறியவனைப் பழித்த சொல்லே ஆட்டத்தின் பெயராயிற்று! பின்னர் அதன் விதிகள் உருப்பெற்று உதகமண்டலத்துக் கிளப்பின் சுவரில் தொங்கின. நம் மலைநாட்டிலும், 1876 இல் நுவரெலியாவில் அமைக்கப்பட்ட ஹில் கிளப்பைப் போன்ற இடங்களில், பில்லியர்ட்ஸ் அறை தோட்டத் துரைமாரின் மாலைப் பொழுதுக்கு உரியதாயிற்று. பகலெல்லாம் கொழுந்து பறித்தவளுக்கு அந்த மேசையின் பச்சையைக் காணும் வாய்ப்பும் இருக்கவில்லை. தோற்றாலும் துரைக்கு இழப்பதற்கு என்ன இருந்தது? ஒரு கோப்பை மதுவின் விலை. அவனுடைய கை நடுங்காததில் வியப்பென்ன? தோல்வி மலிவாகக் கிடைப்பவனுக்கு நிதானமும் மலிவாகக் கிடைக்கிறது. அதையே அவன் தன் இனத்தின் குணச்சிறப்பு என்று நமக்குப் போதித்தான். நாமும் நெடுநாள் நம்பினோம்.

அந்த நம்பிக்கையை மேசைமீதே உடைத்தவர்கள் இருக்கிறார்கள். 1958 இல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் வீரரானார். 1973 இல் அதே பட்டத்தைப் பம்பாயில் வென்றவர் நம் நாட்டு முகம்மது லாபீர். எந்த விளையாட்டிலும் இலங்கைக்குக் கிட்டிய முதலாவது உலகப் பட்டம் அது. ஆண்டவர்களின் விடுதியிலிருந்து வந்த மேசையில், ஆளப்பட்டவர்களின் கை அசையாது நின்றது. நிதானம் பிறப்பினாலோ நிறத்தினாலோ வருவதன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

இங்கே இன்னொரு செய்தியும் சிந்திக்கத்தக்கது. இருதய நோய்க்கென்று 1960களில் ஜேம்ஸ் பிளாக் என்ற அறிஞர் உருவாக்கிய புரோப்ரனலால் என்ற மருந்து கை நடுக்கத்தையும் தணிக்கும். அவருக்கு 1988 இல் நோபல் பரிசு கிடைத்தது. இயல்பாகவே கைநடுக்கம் உடையவரான கனடா நாட்டு பில் வெர்பெனியுக், அதைத் தணிக்க முதலில் மிகுதியாகப் பியர் அருந்தினார். பின்னர் இம் மருந்தை நாடினார். ஆட்டத்தில் அம் மருந்து தடைசெய்யப்பட்டது. அவருடைய ஆட்ட வாழ்வும் முடிவுற்றது. தடை நியாயமானதே. ஒருவர் மருந்துண்டால் எல்லோரும் உண்ண வேண்டிவரும். எனினும் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. மாத்திரை தரும் நிதானத்தை விதி தடுக்கிறது. சொந்த வீட்டில் மேசையும் சம்பளத்துக்குப் பயிற்சியாளரும் தரும் நிதானத்தை எந்த விதி தடுக்கிறது?

முற்போக்கு நண்பர் சிலர் இவ்விடத்தில் குறுக்கிட்டு, ‘அப்படியானால் எல்லாம் சமூகத்தின் குற்றமே, மூச்சை அடக்கு, பந்தைப் பார் என்பதெல்லாம் வெறும் முதலாளித்துவ உபதேசம்’ என்பர். இதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. சமூகம் மாறும்வரை பந்து காத்திராது. அடிக்க வேண்டிய முறை இன்று வந்திருக்கிறது. 2024 இல் அமெரிக்காவில் நடந்த கரம் உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்ற சென்னைச் சிறுமி காசிமா ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். கரம் பலகை ஏழையின் பில்லியர்ட்ஸ் மேசை. நம் தோட்டத்து லயங்களிலும் அதைக் காணலாம். அவளிடம் நாள்தோறும் செய்த பயிற்சியின் ஒழுங்கு இல்லாதிருந்தால், வறுமையைப் பற்றிய நம் அனுதாபம் ஒரு காயையும் வீழ்த்தியிராது. ஆனால், அவள் வென்றாள் என்பதைக் காட்டி மற்ற ஏழைப் பிள்ளைகளைப் பார்த்து, ‘உனக்கேன் முடியவில்லை?’ என்று கேட்பது அதைவிடப் பெரிய அநீதி.

இப்போது வாசகருக்கு உறவு விளங்கியிருக்கும். பரீட்சை மண்டபமும் அத்தகைய மேசைதான். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பத்து வயதுப் பிள்ளை வந்து அமர்கிறது. வினாத்தாளைப் புரட்டும் விரல்கள் நடுங்குகின்றன. எல்லா விரல்களும் ஒரே அளவில் நடுங்குவதில்லை. தவறினாலும் நகரத்து நல்ல பாடசாலை தனக்கு நிச்சயம் என்று அறிந்த பிள்ளைக்கு இது ஒரு பரீட்சை. லயத்திலிருந்து வந்த பிள்ளைக்கோ இதுவே கடைசிக் கறுப்புப் பந்து. அதன் தோளில் தாயின் நாட்சம்பளமும், தமையன் இடையில் விட்ட படிப்பும் கனக்கின்றன. அதைப் பார்த்து, ‘பயப்படாதே, தைரியமாக எழுது’ என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு நகர்வது ஆசிரியருக்கு எளிது. அச்சத்தைப் பிள்ளையின் குணக்குறையாக்கிவிட்டு நம் கடமையை அத்துடன் முடித்துக்கொள்கிறோம்.

ஆசிரியரின் கடமை இரண்டு என்று நாம் எண்ணுகிறோம். ஒன்று, ஆட்டக்காரன் பழகுவதுபோல் பிள்ளையைப் பழக்குவது: வினாவை இருமுறை வாசி, மூச்சு விடு, தெரிந்ததை முதலில் எழுது, பக்கத்துப் பிள்ளையின் பேனாவைப் பாராதே. இது இன்றே, இந்த வகுப்பறையிலேயே செய்யக்கூடியது. செய்யாதிருக்க நமக்கு நியாயமில்லை. மற்றது, தோல்வியின் விலையைக் குறைக்கப் போராடுவது. 1985 இல் தோற்ற டேவிஸ் அத்துடன் அழிந்துவிடவில்லை. 1987 இலும் அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் உலகப் பட்டம் மீண்டும் அவருக்கே வந்தது. அவர் திரும்பி வருவதற்கு ஒரு மேசை இருந்தது. பத்து வயதில் ஒரு முறை தவறிய பிள்ளை திரும்பி வருவதற்கு நல்ல பாடசாலை ஒன்று அதன் ஊரிலேயே இருக்க வேண்டும். விஞ்ஞான ஆசிரியர் இருக்க வேண்டும். நூலகம் இருக்க வேண்டும்.

முதற் கடமையை மட்டும் செய்பவர் நல்ல பயிற்சியாளர். இரண்டாவதைப் பேசிக்கொண்டு முதலாவதைக் கைவிடுபவர் மேடைப் பேச்சாளர். இரண்டையும் ஒருசேரச் செய்பவரையே ஆசிரியர் என்று அழைக்கலாம். அத்தகையோர் பெருகும் காலத்திலும் பிள்ளைகளின் விரல்கள் சிறிது நடுங்கவே செய்யும். உடலின் இயற்கை அது. பசியினாலும் வேறு வழியில்லாமையினாலும் நேரும் நடுக்கம் மட்டும் அன்று இராது.