துறவி எதைத் துறக்கிறார்?

மண்டபத்துக்கு எதிரே, பாம்பன் தீவின் குந்துகாலில் 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் கரையிறங்கினார். வரவேற்றவர் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. மறுநாள் ராமேசுவரம் கோயிலில் பேசிய அந்தத் துறவி, ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காணாமல் விக்கிரகத்தில் மட்டும் காண்பவரின் வழிபாடு தொடக்கநிலையில்தான் இருக்கிறது என்றார். அதைக் கேட்ட மன்னர் ஆயிரக்கணக்கான ஏழைகளுக்குச் சோறும் துணியும் வழங்கினார். அதே ஆண்டு மே 1-ல் கல்கத்தாவில் விவேகானந்தர் தொண்டுக்கென ராமகிருஷ்ண மிஷனைத் தொடங்கினார். துறவி விட வேண்டியது மனிதர்களை அல்ல, 'என்னுடையது' என்ற உரிமையைத்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் கடற்கரையில் இல்லை. அந்த உரிமை உண்மையிலேயே போய்விட்டதா என்பது துறவி பிறருக்கு என்ன ஆகிறார் என்பதில் தெரியும்.

ஞானிக்குக் கர்மம் இல்லை, தொண்டும் ஒரு கட்டுதானே என்று அத்வைதம் கற்றவர்கள் கேட்பார்கள். வலுவான கேள்விதான். ஆனால் செயலை ஞானத்துக்கு நேரடி வழியாக ஏற்காத சங்கரரே பாஷ்யம் எழுதினார், சீடர்களுக்குக் கற்பித்தார். பலனை எதிர்பார்க்கும் 'நான்' இல்லாத இடத்தில் செயல் கட்டாது. தொண்டு என்பது பாதிரிமாரிடம் கடன் வாங்கியது என்பாரும் உண்டு. அமைப்பாகச் சேர்ந்து செய்யும் முறையில் அந்தத் தாக்கம் இருந்திருக்கலாம், கருத்து நம்முடையது. மனிதரை நடமாடும் கோயிலாகக் கண்டவர் திருமூலர். அரசுப் பணியை உதறி, ராமநாதபுரத்தில் சமாதியான தாயுமானவரும் எல்லா உயிர்களின் நலத்தையே வேண்டினார்.

அப்படியானால் இல்லறத்தில் இருக்கும் நல்ல மருத்துவர் போதாதா, காவி எதற்கு? இதுதான் எனக்குக் கடினமான கேள்வி. இல்லறத்தாரின் அன்பு தம் பிள்ளையிடம் தொடங்குகிறது. அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் வாரிசும் சொத்தும் இல்லாத ஒருவரால்தான் அந்த வரிசையைக் கலைத்து, யாருமற்றவரை முதலில் வைக்க முடிகிறது. அதற்காகப் பெற்றவளைத் தவிக்கவிட வேண்டியதில்லை. விவேகானந்தரே தம் தாய்க்கு மாதந்தோறும் உதவும்படி கேத்ரி அரசரிடம் கேட்டுக்கொண்டார். அதே அளவுகோலில், வீட்டை விட்டு வந்து மடத்தின் நிலத்துக்காக நீதிமன்றம் ஏறி இறங்குபவர் துறவி அல்லர், வீடு மாறியவர். ராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களே, தீர்த்தமாடும் முன் அந்தக் கோயில் உரையை ஒருமுறை படியுங்கள். சிறிய உரைதான், தமிழிலும் கிடைக்கிறது.