சித்தியிடம் கேட்ட கேள்வி

"அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், டாக்டர்." புற்றுநோய்ப் பிரிவில் பிள்ளைகள் இப்படிக் கெஞ்சுவது பாசத்தால்தான். தெரிந்தால் மனம் விட்டுவிடுவார் என்ற பயம். ஆனால் முடி கொட்டிய தலைகளுக்கு நடுவே மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் தெரியாதவர்போல் நடிக்கும் பாரமும் நோயோடு சேர்ந்துகொள்கிறது.

மறைக்காமல் நேரடியாகக் கேட்டால் என்ன ஆகும் என்பதை என் சித்தி விஷயத்தில் பார்த்தேன். அவருக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி, ஆரம்ப நிலை. டாக்டரம்மா இரண்டு வழி சொன்னார். மார்பையே எடுத்துவிடலாம், இல்லையென்றால் கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு தரலாம். ஆரம்ப நிலையில் எந்த வழியில் போனாலும் ஆயுளில் வித்தியாசமில்லை என்பதை அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் குழுவினர் 20 ஆண்டு தொடர்ந்து பார்த்து 2002-இல் உறுதி செய்தார்கள். அப்படியானால் எதைத் தேர்வது என்பதற்கு மருத்துவப் புத்தகத்தில் விடை இல்லை. அது சித்தியிடம்தான் இருந்தது.

"முழுசா எடுத்துடுங்கம்மா, மிச்சம் வைக்க வேணாம்" என்றார் சித்தப்பா. டாக்டரம்மா அவருக்குப் பதில் சொல்லாமல் சித்தி பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா."

சித்தி முந்தானை நுனியைச் சுருட்டியபடியே இருந்தார். பிறகு, "கரண்ட் வைக்கத் தினமும் வரணுமா?" என்றார். வாரத்துக்கு 5 நாள், சில வாரங்கள் வர வேண்டியிருக்கும் என்றதும் சித்தப்பாவைப் பார்த்தார்.

"வந்துட்டுப் போறேங்க. எடுக்க வேணாம். இந்த வயசுல எதுக்குன்னு நினைக்காதீங்க."

சித்தப்பாவிடமிருந்து பேச்சே வரவில்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் சித்தியின் இந்த விருப்பம் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அதன்பின் குடும்பத்துக்கு நிறைய வேலை இருந்தது: சிகிச்சைக்காக மதுரையில் யார் வீட்டில் தங்குவது, கூட யார் போவது, வீட்டில் யார் சமைப்பது. குடும்பம் தோள் கொடுக்க வேண்டிய இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

சட்டமும் நோயாளியின் பக்கம்தான். மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் கருப்பையை, அவருடைய தாயிடம் மட்டும் கேட்டுவிட்டு அகற்றிய வழக்கில், தாயின் சம்மதம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது.

"எனக்கு ஒண்ணும் சொல்லாதீங்க, பையன் பார்த்துப்பான்" என்பவர்களும் உண்டு. அதுவும் அவர்கள் எடுத்த முடிவுதான், மதிக்க வேண்டும். ஆனால் அதை அவர்கள் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். என்றைக்காவது மனசு மாறி, "ரிப்போர்ட்ல என்னப்பா போட்டிருக்கு?" என்று கேட்டால், பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்காட்ட வேண்டும்.