ஊருக்கு ஓர் ஒட்டு

கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப் போட்டுக்கொள்கிறவனை யாரும் கேள்வி கேட்பதில்லை. வேட்டி அவனுடையது. ஊரே ஒரே துணியை உடுத்தியிருந்தால் என்ன ஆகும்? கணிப்பொறித் துறையில் உள்ள இளைஞர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தபோது இப்படி எண்ணத் தோன்றியது.

தொலைவிலுள்ள ஓர் இயந்திரத்தின் கோப்புகளை நம் இயந்திரத்திலேயே இருப்பவைபோல எடுத்தாள ஒரு முறை உண்டு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-இல் கொணர்ந்த அதற்கு 'என்.எஃப்.எஸ்.' என்று பெயர். அப்படிப் பொருத்திக்கொள்வதை 'மவுண்ட்' செய்வது என்கிறார்கள். அந்தச் சர்வர் நின்றுபோனால், பொருந்தியிருக்கும் லினக்ஸ் இயந்திரங்கள் 'பதில் இல்லை, இன்னும் முயல்கிறேன்' என்று சொல்லிக்கொண்டு காத்துக் கிடக்கும். இந்தப் பொறுமைதான் அங்கே வழக்கம். சிறிது நேரம் பார்த்துவிட்டுக் கைவிடும்படி நாம் கேட்டுக்கொள்ளலாம்; ஆனால் கேட்டால்தான் கைவிடும். இளைஞர் லினக்ஸின் உட்கருவில் சில வரிகளை மாற்றி, கைவிடுவதையே வழக்கமாக்கிவிட்டார். அலுவலகத்தில் தொல்லை தீர்ந்தது. உலகத்துக்கும் அதை வழங்கிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

லினக்ஸுக்கு ஒட்டு அனுப்புகிறவர் அதன் அடியில் தம் பெயரை எழுதியாக வேண்டும். 2004-இல் வந்த ஏற்பாடு இது. 'இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு' என்பதற்கே அந்தக் கையொப்பம். கொடுக்கும் பொருள் நல்லதா என்பதை மற்றவர்கள் படித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கதை எழுதுகிறவனுக்கு இது புரியாத செய்தியல்ல. என் கதை என்னுடையதுதான் என்று நான் சத்தியம் செய்வேன். அது நல்ல கதை என்று சத்தியம் செய்ய எனக்கு இன்றுவரை துணிவு வந்ததில்லை.

பெயர் எழுதும் நேரத்தில் அலுவலகப் பெரியவர் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "ஒருவர் எழுதிச் சேமித்துக்கொண்டிருக்கும்போது உம்முடைய இயந்திரம் கைவிட்டால்?"

தவறு நேர்ந்தது என்று இயந்திரம் சொல்லத்தான் செய்யும். ஆனால் எல்லா நிரல்களும் அதைக் காது கொடுத்துக் கேட்பதில்லை. எழுதியது பத்திரமாக இருக்கிறதென்று மனிதர் எழுந்து போய்விடுவார். கோப்போ பாதியில் நிற்கும். காத்துக் கிடந்த இயந்திரம் எரிச்சலூட்டியது உண்மைதான், ஆனால் அது பொய் சொல்லவில்லை.

"அதனால் அனுப்பவில்லை, ஐயா. முன்பின் அறியாதவர் எழுத்தை அழித்த பாவம் எனக்கு எதற்கு?" என்றார் இளைஞர்.

அவருடைய அடக்கம் எனக்குப் பிடித்திருந்தது. ஆயினும் காப்பியை ஆற்றிக்கொண்டே, "அலுவலகத்தில் போட்டீர்களே, அந்த ஒட்டை எடுத்துவிட்டீர்களா, தம்பி?" என்று கேட்டேன்.

"இல்லை. அங்கே இப்போது எல்லாம் வேகமாக நடக்கிறது. எல்லாருக்கும் மகிழ்ச்சி."

ஊருக்கு ஆகாதென்று நிறுத்திவைத்ததை, பக்கத்து மேசையில் அமர்ந்திருப்பவருக்கு ஆகுமென்று எந்த நியாயத்தில் வைத்துக்கொண்டார்? முகம் தெரியாதவரிடம் அத்தனை அச்சம். தெரிந்தவரிடம் மட்டும் எப்படி இல்லாமல் போனது?

"அவர்களிடம் சொன்னீர்களா?" என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். மறுநாள் சனிக்கிழமை. இருந்தும், காலையில் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டார்.